வத்தலக்குண்டு தந்த சுப்பிரமணிய சிவா



சேவுகம்பட்டியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வத்தலக்குண்டு. வாரம் ஒரு முறையாவது சந்தைக்கோ பஸ் பிடிக்கவோ நாம் போய்வரும் ஊர். 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அங்கேதான் சுப்பிரமணிய சிவா பிறந்தார். தந்தை பெயர் ராஜம் அய்யர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் அய்யரும் இதே ஊர்க்காரர் என்பதால் இருவரையும் ஒருவரென எண்ணிக் குழம்புவோர் உண்டு. அவர் வேறு, இவர் வேறு. பாடப் புத்தகங்களில் வ.உ.சி.க்கு ஒரு பாடம் இருக்கும்; அதற்குள் சிவாவுக்கு ஒரு வரி இருக்கும். நம் பக்கத்து ஊர்க்காரருக்கு இந்த ஒரு வரி போதாது என்பது நமது எண்ணம்.

வீட்டில் வறுமை. மதுரையில் சில காலம் படித்தார். பிறகு திருவனந்தபுரத்தில் இலவச உணவை நம்பிப் படிப்பைத் தொடர்ந்தார். சிவகாசியில் காவல் துறை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்த வேலை நிலைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டி நாட்டு விடுதலை பற்றிப் பேசத் தொடங்கியதும் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்து, 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அன்றைய தூத்துக்குடியை உண்மையில் ஆண்டது யார்? கலெக்டர் என்று சொன்னால் பாதிதான் சரி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அரசாங்கத் தபால் ஒப்பந்தத்தைக் கொண்டு 1856-ல் பிறந்து வளர்ந்த நிறுவனம் அது. கரையில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் இருந்தது. மதுரை மில்லும் பாபநாசம் மில்லும் அவர்களுடையவையே. நூற்பாலைகளோடு வாழ்ந்த நம் திண்டுக்கல் சீமை மக்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல.

இந்தக் கப்பல் கம்பெனியை எதிர்த்துத்தான் வ.உ.சி. அவர்கள் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பெரும் வணிகர்களும் வாங்கினார்கள், சாதாரண மக்களும் வாங்கினார்கள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஆங்கிலக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. இது பலரும் அறிந்த கதை. சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் அந்தக் குடையைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். ஏழைப் பயணி நனையக்கூடாது என்ற இரக்கத்தால் யாரும் குடை கொடுக்கவில்லை. நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பணம் ஒருவனிடமும், மாதக்கணக்கில் தாங்கும் பணம் மற்றவனிடமும் இருந்தால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. இதற்கு மேல் அதிகாரிகளும் ஆங்கிலக் கம்பெனியின் பக்கமே நின்றார்கள்.

இத்தகைய ஊரில்தான் சிவா மேடை ஏறினார். கடற்கரைக் கூட்டங்களில் அவர் பேசப் பேச மில் தொழிலாளர்களும் வந்து கேட்டார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். அதிகக் கூலி வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டார்கள். சங்கம் என்ற ஒன்று அவர்களுக்குக் கிடையாது. வ.உ.சி.யும் சிவாவும்தான் முன்னின்றார்கள். ஊர் மக்கள் பணம் திரட்டிச் சோறு போட்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒருவருக்கு நாவிதர் பாதி முகம் மழித்த நிலையில் எழுந்துபோய்விட்டார் என்றும் சொல்வார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

இந்த வெற்றியை அரசால் பொறுக்க முடியவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கூடுதல் போலீஸ் நிறுத்தி, அதன் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே கட்டியது அரசு. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். அதில் ஒன்று சிவாவுக்குத் துணை நின்றதற்காக! சிவாவுக்குப் பத்து ஆண்டுகள். உயர்நீதிமன்றம் அதை ஆறாகக் குறைத்தது. தலைவர் சிறையில் இருக்க, 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. குடை கொடுத்தும் முடியாததை ஒரு தீர்ப்பு முடித்து வைத்தது.

அன்று நம் மக்களுக்கு வாக்கு இல்லை, அதனால் கம்பெனி ஆட்டிப்படைத்தது என்று நாம் சொல்லலாம். உண்மைதான். 1909-ல் வந்த மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் சென்னை சட்டசபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வணிகர் சங்கத்துக்குத் தனியாகத் தரப்பட்டது, தோட்ட முதலாளிகளுக்கும் தரப்பட்டது. மில் தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் வாக்கு வந்த பிறகு பணத்தின் பிடி விட்டதா? கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதை 1969-ல் தடை செய்தார்கள். 1985-ல் மீண்டும் அனுமதித்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம், சராசரி நிகர இலாபத்தில் ஏழரை விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்றது. 2017-ல் அந்த வரம்பையும் நீக்கினார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் பத்திரங்கள் வந்தன. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது வாக்காளருக்கு மட்டும் தெரியாது! 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தை ரத்து செய்தார்கள். நமக்கு அருகே அரவக்குறிச்சியில் 2016-ல் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். வீட்டு வாசலில் நீட்டப்படும் கவரும் ஒரு வகையில் பழைய குடைதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பொருளாதார ஆற்றல் ஒரு சிலர் கையில் குவிவதையும், அவர்கள் அரசையே தம் வசமாக்கப் போட்டியிடுவதையும் 1931-லேயே திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தமது சுற்றுமடலில் கண்டித்திருக்கிறார்.

சிவாவிடம் திரும்புவோம். 1912 நவம்பரில் அவர் விடுதலையானபோது உடலில் தொழுநோய் இருந்தது. சிறை தந்த பரிசு அது. தொழுநோயாளர் இரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும், புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 'ஞானபாநு' என்ற இதழ் நடத்தினார். பாரதியார் அதில் எழுதினார். நாடகங்கள் எழுதினார். 1920களின் தொடக்கத்தில் மீண்டும் சிறை சென்றார். முன்கோபக்காரர். நாட்டுப்பற்றை அவர் கண்ட விதமும் நாம் காணும் விதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தருமபுரி அருகே பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோவில் எழுப்ப விரும்பினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் கூலிக்காரனின் ஒரு நாள் ஓய்வுக்காகத் தம் உடலையே கொடுத்தவர் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

1925 ஜூலை 23 அன்று அதே பாப்பாரப்பட்டியில் அவர் இறந்தார். வயது 40. கோரல் மில் தொழிலாளர்களுக்கு இல்லாதிருந்த சங்கம் வைக்கும் உரிமையைச் சட்டமாக்கிய இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் அடுத்த ஆண்டு, 1926-ல் நிறைவேறியது.