இருட்டில் வந்த 40 மாப்பிள்ளைகள்!

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் செரிஞான் என்ற கிராமம். மே மாதம் 6-ந் தேதி.

அன்று காலை, ஒரு வீட்டில் கூட்டை விட்டு ஒரு பெண் அந்துப்பூச்சி வெளியே வந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய அந்துப்பூச்சி இனம் அது. வீட்டுக்காரர் அதைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார்.

இரவு 9 மணி. அவருடைய சிறு மகன் கூச்சல் போட்டான். அவன் அறையில் பெரிய பெரிய பூச்சிகள் பறந்தன! மெழுகுவர்த்தியுடன் தந்தை ஓடினார். அன்று இரவு சுமார் 40 ஆண் பூச்சிகள் பெண்ணைத் தேடி வந்திருந்தன.

கும்மிருட்டு. வீட்டைச் சுற்றி மரங்கள். பெண் இங்கே இருப்பது அவற்றுக்கு எப்படித் தெரிந்தது?

ஏழை ஆசிரியர்

அந்த வீட்டுக்காரர்தான் பூச்சி விஞ்ஞானி ஃபாப்ரே. 1823-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாமாகவே படித்து முன்னேறி ஆசிரியர் ஆனார்.

பூ காயாவது எப்படி என்று இளம் பெண்களுக்கும் விளக்கிச் சொன்னார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. வேலையை விட்டார். குடியிருந்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது.

புத்தகம் எழுதிப் பிழைத்தார். 1879-ம் ஆண்டு செரிஞானில் குடியேறினார். புதர் மண்டிய தோட்டமே அவருடைய சோதனைச்சாலை.

கண்ணா? மூக்கா?

பெண் பூச்சியை இறுக மூடிய பெட்டியில் வைத்தார். ஒரு ஆண் கூட வரவில்லை. அப்படியானால் வாசனையா? கூண்டின் அருகே பாச்சை உருண்டைகளை வைத்தார். அந்த நெடியிலும் ஆண்கள் வந்தன! ஃபாப்ரே குழம்பினார்.

ஆனாலும் விடவில்லை. பிறகு வேறு இனப் பெண் பூச்சி ஒன்றைக் கண்ணாடி மூடிக்குள் வைத்தார். அது நன்றாகத் தெரிந்தது. ஆண்களோ அதைத் தாண்டிப் போயின. இரவில் அது தங்கியிருந்த வெறும் கூண்டை மொய்த்தன!

கண் அல்ல, வாசனைதான் வழிகாட்டி என்று தெளிந்தார்.

புதிர் விடுபட்டது

1915-ம் ஆண்டு, 91-வது வயதில் ஃபாப்ரே காலமானார். அந்த வாசனைப் பொருள் எது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1959-ம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி பூட்டெனன்ட் குழுவினர் பட்டுப்பூச்சியின் வாசனைப் பொருளைக் கண்டுபிடித்தனர். சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம்தான் கிடைத்தது. சுமார் 20 ஆண்டு உழைப்பு!

ஆண் பூச்சியின் தலையில் இறகு போன்ற இரண்டு கொம்புகள் உண்டு. அவற்றில் ஆயிரக்கணக்கான மெல்லிய முடிகள். தன் இனப் பெண்ணின் வாசனை பட்டதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆண், காற்றை எதிர்த்துப் பறக்கும். வாசனை விட்டுப்போனால் இடமும் வலமும் அலைந்து, மறுபடி பிடிக்கும். இந்த முடிகள் பாச்சை உருண்டை நெடியைச் சட்டை செய்வதில்லை. ஃபாப்ரேயைக் குழப்பியது இதுதான்.

இன்று பருத்திக் காட்டில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? செயற்கை வாசனையைப் பெண் என்று நம்பி வந்து, ஆண் பூச்சிகள் சிக்குகின்றன.

வெறும் கூண்டை ஆண்கள் மொய்த்ததை அன்று அந்த ஏழை ஆசிரியர் கண்டார். இன்று உழவருக்கு உதவுவதும் அதே உண்மைதான்.