எத்தியேன் லூயி மாலுஸ்

எத்தியேன் லூயி மாலுஸ் (ஜூலை 23, 1775 – பெப்ரவரி 24, 1812) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளரும் கணிதவியலாளரும் படைப் பொறியாளரும் ஆவார். கண்ணாடி, நீர் போன்ற ஒளிபுகும் பொருள்களின் பரப்பில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு அடைகிறது என்பதைக் கண்டறிந்தவர் இவரே.

வாழ்க்கை

மாலுஸ் பாரிஸில் பிறந்தார். மெசியேர் படைப் பொறியியல் பள்ளியில் பயின்ற இவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஐயத்துக்குரியவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்பட்டார். அதன்பின் சாதாரணப் படைவீரராக டன்கர்க் நகரின் அரண் வேலையில் ஈடுபட்டார். அங்கு இவரது திறமை கவனிக்கப்படவே, பாரிஸில் 1794 இல் தொடங்கப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரிக்குத் தேர்வானார். 1798 இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் பங்கேற்றார். யாஃபா நகரில் கொள்ளைநோய்க்கு ஆளாகிப் பிழைத்து, 1801 இல் நாடு திரும்பினார்.

கண்டுபிடிப்பு

கால்சைட்டுப் படிகத்தின் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இது இரட்டை ஒளிவிலகல் எனப்படும். 1808 இல் ஒரு மாலை வேளையில், லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் எதிரொளித்த சூரிய ஒளியை மாலுஸ் இப்படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது இரு பிம்பங்களின் பொலிவும் மாறி மாறிக் கூடிக் குறைந்தது. நேரடி ஒளியில் இவ்வாறு நிகழ்வதில்லை. எனவே தளவிளைவு படிகத்தால் மட்டுமன்றி எதிரொளிப்பாலும் உண்டாகிறது என்று உணர்ந்தார். மெழுகுவர்த்தி ஒளியை நீரிலும் கண்ணாடியிலும் எதிரொளிக்கச் செய்து இதனை உறுதிப்படுத்தினார்.

தளவிளைவுற்ற ஒளி ஒரு பகுப்பானின் வழியே செல்லும்போது, வெளிவரும் ஒளிச்செறிவு அவற்றின் தளங்களுக்கு இடையேயுள்ள கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது மாலுஸ் விதி எனப்படுகிறது.

எட்டாத விதி

எதிரொளித்த ஒளி முழுமையாகத் தளவிளைவு அடையும் படுகோணம் பொருளுக்குப் பொருள் மாறுபடுவதை மாலுஸ் அறிந்திருந்தார். ஆனால் அக்காலக் கண்ணாடியின் தரம் சீராக இல்லாததால், இக்கோணத்துக்கும் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் புலப்படவில்லை. அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே ஒளிவிலகல் எண் என்பதை 1815 இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர் நிறுவினார். நீருக்கு இக்கோணம் ஏறத்தாழ 53 பாகை; சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 பாகை. இந்நிலையில் எதிரொளித்த கதிரும் விலகிய கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும்.

மாலுஸ் ஒளியைத் துகள்களாகவே கருதினார். அத்துகள்களுக்கு முனைகள் உண்டு என்ற எண்ணத்தில் இந்நிகழ்வுக்கு முனைவாக்கம் எனப் பொருள்படும் பெயரையும் இட்டார். பின்னர் பிரெனெல் இதனை ஒளியின் குறுக்கலைப் பண்பைக் கொண்டு விளக்கினார். விளக்கம் மாறியபோதும் மாலுஸ் இட்ட பெயர் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது.

சிறப்புகள்

பிரான்சும் பிரித்தானியாவும் போரிட்டுக் கொண்டிருந்த காலத்திலேயே, இலண்டன் அரச கழகம் 1810 ஆம் ஆண்டுக்கான ரம்ஃபோர்டு பதக்கத்தை இவருக்கு வழங்கியது. காசநோயால் 36 ஆம் வயதில் பாரிஸில் காலமானார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் இவருடைய பெயரும் ஒன்றாகும்.