பந்தைப் பறிக்காமல் மறிக்கக் கற்பித்தவர்

பந்து வைத்திருப்பவளைத் தொடாமல், அவள் கையிலுள்ள பந்தைப் பிடுங்காமல் மறிக்க வேண்டும் என்பது எமது பாடசாலையில் வலைப்பந்தாடிய எவருக்கும் தெரிந்த பாடம். வலைப்பந்தாட்டம் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் வழிவந்தது. அந்தப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் சென்டா பெரென்சன்.

1868இல் லித்துவேனியாவில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு வந்தவர். உடல்நலம் குன்றியதால் பியானோப் படிப்பை இடைநிறுத்த நேர்ந்தது. உடம்பு தேறட்டும் என்றே 1890இல் உடற்பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். நாளடைவில் அதுவே அவரது தொழிலாயிற்று. 1892இல் மசாசுசெட்ஸிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரிக்கு ஆசிரியையாகச் சென்றார்.

அயலூரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் அப்போதுதான் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அதைப்பற்றி வாசித்த சென்டா, தம் மாணவியருக்கும் அதைப் பழக்கினார். 1893 மார்ச் 22ஆம் திகதி முதலாம், இரண்டாம் வருட மாணவியர் மோதினர். ஆண்களுக்கு அனுமதியில்லை. நடுவராக நின்று அவர் பந்தை மேலே எறிந்த முதற் கணத்திலேயே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகிவிட்டது!

பெண்களின் உடல் விளையாட்டைத் தாங்காது என்று வைத்தியர்களே (எங்கள் தொழிலுக்குப் பெருமை தராத வரலாறு இது) சொல்லிவந்த காலம் அது. அன்றோடு ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் யாரும் அவரைக் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். அன்றைய ஆட்டமும் நிற்கவில்லை, அதன் பின்னரும் அவர் நிறுத்தவில்லை.

மாறாக விதிகளைத் திருத்தினார். மைதானம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது; கோட்டைத் தாண்டக்கூடாது. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவோ, மூன்று தடவைக்கு மேல் தட்டவோ இயலாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பது அடியோடு தடை. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விதிதான் முக்கியமானது. பறிக்க முடியாதென்றால் தடுப்பவளுக்கு வேறென்ன வழி? பந்து வைத்திருப்பவளின் முன்னே காலூன்றி நிற்க வேண்டும். அவள் எங்கே எறியப் பார்க்கிறாள் என்று கவனிக்க வேண்டும். பாதையைக் கைகளால் மறித்து, பந்து காற்றில் வரும்போதே எட்டிப் பிடிக்க வேண்டும். பலத்தைவிடக் கண்ணும் காலும் வேலை செய்யும் தடுப்பாட்டம் இது. இன்றும் பயிற்றுநர்கள் சின்னப் பிள்ளைகளிடம் கையை நீட்டாதே, காலை நகர்த்து என்றுதானே கத்துகிறார்கள்.

1899இல் இவ்விதிகள் பொதுவிதிகளாக ஏற்கப்பட்டன. விதிநூலைப் பல வருடங்கள் அவரே தொகுத்தார். ஆனால் கோடுகள் பெண்களைக் கட்டியும் வைத்தன என்பதை மறைப்பதற்கில்லை. மைதானம் முழுவதும் ஓடியாடும் ஐவர் ஆட்டம் அமெரிக்கப் பெண்களுக்கு 1971இல்தான் முறைப்படி கிடைத்தது. அந்த நாட்களில் கோடில்லாமல் ஆட விட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

1911இல் அக்கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரை மணந்தார். 1921வரை வேறொரு மகளிர் பாடசாலையில் உடற்கல்வியைப் பொறுப்பேற்று நடத்தினார். இளமையில் பியானோவின் முன் அமர முடியாமற்போன அவர், 1954இல் கலிபோர்னியாவிற் காலமானபோது வயது 85. கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவரது பெயர் இடம்பெற மேலும் 31 வருடங்கள் ஆயின.