கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்கச் சொன்ன டாக்டர்

நியூசிலாந்தில் பிள்ளை பெற்ற யாருக்கும் பிளங்கெட் என்ற பெயர் தெரிந்திருக்கும். வீட்டுக்கே வந்து குழந்தையின் எடை பார்க்கும் நர்ஸ் பெரும்பாலும் அந்த அமைப்பிலிருந்துதான் வருவார். ஒனிஹங்காவில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் அப்படித்தான். ஆனால் அதைத் தொடங்கிய ட்ரூபி கிங் யார்னு கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. டேகேரில் குழந்தைக்கு என்ன கொடுக்கிறாங்க, எப்போ கொடுக்கிறாங்க என்று கவலைப்படும் ஒவ்வொரு அப்பா அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அவருடையது.

1858-ல் நியூ பிளிமத்தில் பிறந்தவர் கிங். முதலில் பேங்க் வேலை. பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் மருத்துவம் படித்தார். அங்கேயே இசபெல்லாவை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். 1889-ல் டனீடன் அருகே சீக்ளிஃப் மனநல மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஒரு பெரிய பண்ணையும் இருந்தது. வயிற்றுப்போக்கில் கன்றுக்குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. பாலைச் சுத்தமாக, அளவாகக் கொடுத்ததும் சாவு குறைந்தது. கன்றுக்குப் பலித்தது மனிதக் குழந்தைக்குப் பலிக்காதா என்று யோசித்தார்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டிலேயே ஆயிரம் குழந்தை பிறந்தால் 80-க்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்காது. கெட்டுப்போன பாலும் அழுக்குப் புட்டியும் முக்கியமான எமன்கள். 1907 மே மாதம் டனீடனில் கூட்டம் போட்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். கவர்னரின் மனைவி பிளங்கெட் சீமாட்டி ஆதரவு தந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஊர் ஊராகக் கமிட்டி அமைத்து அதை நடத்தியவர்கள் பெண்கள்தான். இசபெல்லா புனைபெயரில் பத்திரிகைகளில் குழந்தை வளர்ப்புப் பத்தி எழுதினார். 30 வருஷத்தில் குழந்தை மரணம் பாதிக்கும் கீழே வந்தது. அந்தச் சரிவு அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் தாய்ப்பாலே முதல், இல்லாவிட்டால் சுத்தமான, அளந்து கலந்த பால் என்பதை வீடு வீடாகக் கொண்டுபோனவர் அவர்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால், ராத்திரியில் கிடையாது, அழுதாலும் தூக்காதே, ரொம்பக் கொஞ்சாதே என்பது அவர் வகுத்த சட்டம். அதிகம் படித்தால் பெண்கள் தாய்மைக்கு லாயக்கில்லாமல் போவார்கள் என்றும் நம்பினார். பிரிட்டிஷ் பேரரசுக்கு வலுவான வெள்ளைக் குழந்தைகள் வேண்டும் என்ற கவலையும் அவரை ஓட்டியது. நம் குழந்தைகள் அவர் கணக்கிலேயே இல்லை. 1925-ல் சர் பட்டம் கிடைத்தது. 1938 பிப்ரவரியில் இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். பதவியில் இல்லாத ஒருவருக்கு இங்கே அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. பிளங்கெட்டின் ஐம்பதாம் ஆண்டில், 1957-ல், தபால்தலையும் வந்தது.

இன்று அதே நாட்டின் டேகேர் விதி என்ன சொல்கிறது? ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும்போது கையில் தூக்கி, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் எந்தப் பால்மாவு என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்யணும். 2021 முதல் முழுக் கடலை, பாப்கார்ன் மாதிரி தொண்டையில் அடைக்கும் சாப்பாட்டை மையங்கள் கொடுக்கக் கூடாது. பசிக்கிற குழந்தைக்குப் பசிக்கும்போது கொடு என்பதுதான் இப்போதைய மருத்துவமும். நம்ம பாட்டிகள் இடுப்பில் வைத்து ஊட்டியது தப்பே இல்லை.

அதனால் கிங்கிடமிருந்து சுத்தத்தையும் அளவையும் எடுத்துக்கொள்வோம், கடிகாரத்தை அவரிடமே விட்டுவிடுவோம். டேகேரில் சேர்க்கும்போது கூச்சப்படாமல் சொல்லுங்கள்: எங்க பிள்ளை குழைந்த பருப்புச் சாதம் சாப்பிடும், பசிச்சா இப்படிச் சிணுங்கும், இந்தப் பால்தான் ஒத்துக்கும். அவர்கள் எப்படி ஊட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வேர்க்கடலை உருண்டையையும் முறுக்கையும் மட்டும் டப்பாவில் வைக்காதீர்கள். பெரிய டாக்டர் சொன்னார் என்பதற்காகக் குழந்தை அழ அழக் கடிகாரம் பார்த்து உட்கார்ந்திருந்த தாய்மார்கள் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். அந்தக் கஷ்டம் நமக்கு வேண்டாம்.