கார்க் நகரத்து மேயர்

நகராட்சித் தலைவர்களுக்கு உலக வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, சந்தை வரி என்று அவர்கள் பணி ஊர் எல்லையோடு நின்றுவிடும். பதவி போனால் பெயரும் போகும். அயர்லாந்தின் தெற்கே லீ ஆற்றங்கரையில் இருக்கும் கார்க் நகரமும் பெரிய பட்டணமன்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தோர் 76,000 பேர் சொச்சம். ஆயினும் அவ்வூர் மேயர் ஒருவரின் பெயர் 1920இல் வாரக்கணக்கில் உலக நாளேடுகளில் இடம்பெற்றது. மேயர் நாற்காலியில் அமர்ந்து அவர் வேலை பார்த்தது நாலரை மாதந்தான். அவர் டெரன்ஸ் மாக்சுவினி.

1879 மார்ச் 28ஆம் நாள் கார்க்கில் பிறந்தார். தாய் ஆங்கிலேயக் குலத்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கில ஆட்சியை எதிர்த்து உயிர் விட்டவரின் உடம்பில் ஆங்கில இரத்தமும் ஓடியது! தந்தை புகையிலைத் தொழில் நடத்தி நொடித்துப் போனவர். 1885இல் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியா சென்றவர் திரும்பவேயில்லை. பத்தாண்டுக்குப் பின் அங்கேயே மாண்டார். பிள்ளைகள் பலர். எனவே டெரன்ஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதப் போனார்.

பகலெல்லாம் பேரேடு, இரவெல்லாம் புத்தகம். இப்படியே படித்து, வேலையையும் விடாமல், 1907இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். அப்போது வயது இருபத்தெட்டு. விடுதியில் மணியடித்தால் சோறு, நூலகத்தில் கேட்டால் நூல் என்றிருக்கும் நமக்கு அந்த உழைப்பின் அருமை முழுதும் விளங்குமா என்பது ஐயமே.

அவர் அடிப்படையில் ஓர் எழுத்தாளர். நண்பர்களுடன் இலக்கியக் கழகம் கண்டார். டேனியல் கார்க்கெரி என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து 1908இல் நாடகக் குழு அமைத்தார். கவிதையும் நாடகமும் எழுதினார். உண்மையைச் சொன்னால், அவர் நாடகங்களில் மேடைச் சுவை குறைவு; பாத்திரங்கள் பேசுவதைவிடச் சொற்பொழிவாற்றுவதே மிகுதி. 1914இல் ஒரு கிழமை ஏடு தொடங்கினார். அதன் செலவுக்காகத் தாம் ஆசை ஆசையாகச் சேர்த்த நூல்களை விற்றார். பதினொரு இதழோடு அரசு அதற்குப் பூட்டுப் போட்டது.

இதற்கிடையே 1913இல் அயர்லாந்துத் தொண்டர் படை தோன்றியது. கார்க் கிளையை வளர்த்தவர்களில் மாக்சுவினியும் அவருடைய ஆருயிர்த் தோழர் தாமஸ் மக்கர்ட்டினும் முதன்மையானவர்கள். வணிகப் பாடம் கற்பிக்கும் பணியில் இருந்த மாக்சுவினி 1915இல் அந்த வேலையை உதறிவிட்டு, முழுநேரத் தொண்டராக ஊர் ஊராய்ச் சுற்றினார்.

அவர் வாழ்வைப் புரிந்துகொள்ள 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தைப் பார்க்க வேண்டும். டப்ளினில் புரட்சி வெடித்தது. கார்க்கிலும் படை திரண்டு நின்றது. ஆனால் தலைமையிடமிருந்து வந்த ஆணைகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டவை: புறப்படு என்றது ஒன்று, நில் என்றது மற்றொன்று. குழம்பிய தலைவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே காத்திருந்தனர். டப்ளின் எரிந்தது, கார்க் அசையவில்லை. முடிவில் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் உடன்பாட்டுக்கும் இசைய நேர்ந்தது. டப்ளின் தலைவர்கள் பதினான்கு பேரைச் சுட்டுக் கொன்றது அரசு. மாக்சுவினிக்குச் சிறை மட்டுமே கிடைத்தது. தோழர்கள் மாண்டபோது தாம் வாளாவிருந்தோம் என்ற முள் அவர் நெஞ்சில் தைத்துக்கொண்டேயிருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் காட்டிய பிடிவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

அதன்பின் சிறைக்குப் போவதும் வருவதுமே வாழ்க்கையாயிற்று. 1917 ஜூன் மாதம், இங்கிலாந்தின் பிராம்யார்டு என்ற சிற்றூரில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோதே திருமணம் நடந்தது. மணமகள் மியூரியல், கார்க்கின் பெருஞ்செல்வ மதுவடிப்புக் குடும்பத்துப் பெண். வீட்டார் எதிர்ப்பை மீறி வந்தவர். மாப்பிள்ளை தொண்டர்படைச் சீருடையில் நின்றார். மறு ஆண்டு மகள் மாய்ரா பிறந்தபோது தந்தை சிறையில். 1918 இறுதியில் நடந்த பொதுத் தேர்தலில் அவர் போட்டியின்றி வென்றபோதும் சிறையில்தான்.

1920 ஜனவரியில் கார்க் நகர மன்றம் விடுதலைக் கட்சியினர் கைக்கு வந்தது. மக்கர்ட்டின் மேயரானார். மார்ச் 20ஆம் நாள் நள்ளிரவு கடந்து, முகத்தில் கரி பூசிய சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே புகுந்து, மனைவி மக்கள் இருந்த வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றனர். அன்று அவருக்கு முப்பத்தாறாம் பிறந்தநாள். இறப்பை விசாரித்த ஜூரிகள், இது காவல்துறையினர் செய்த கொலை என்றும், பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜும் இதற்குக் குற்றவாளி என்றும் துணிந்து தீர்ப்புரைத்தனர்.

இரத்தம் காயாத அந்த நாற்காலியில் அமர யார் வருவார்? மாக்சுவினி வந்தார். பதவியேற்ற அன்று, மிகுதியாகத் துன்பம் இழைப்பவரைவிட மிகுதியாகத் துன்பம் தாங்குபவரே இப்போரில் வெல்வர் என்ற பொருள்படப் பேசினார். அதை மேடைப் பேச்சென்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம்.

1920 ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலை, இராணுவம் நகர மண்டபத்தைச் சூழ்ந்து அவரைப் பிடித்தது. காவல்துறையின் சங்கேதக் குறிப்பை வைத்திருந்ததும், அயர்லாந்து மக்கள் மன்றத்துக்கே நகர மன்றம் கட்டுப்பட்டது என்ற தீர்மானமும், பதவியேற்பு உரையின் படியும் குற்றச் சான்றுகளாயின. கார்க் சிறையில் அதற்கு முதல் நாளே கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கியிருந்தனர்; அவரும் சேர்ந்துகொண்டார். 16ஆம் நாள் இராணுவ நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது. மேயரை விசாரிக்க இம்மன்றத்துக்கு உரிமையே இல்லை என்ற அவர், உயிரோடோ பிணமாகவோ ஒரு மாதத்தில் தாம் விடுதலை பெறுவது உறுதி என்றும் சொன்னார். இலண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்குக் கொண்டு போயினர்.

ஒரு மாதம் கடந்தது, உயிர் போகவில்லை. மறைவாக யாரோ உணவு கொடுக்கிறார்கள் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. மனைவியும் தமக்கை மேரியும் தங்கை ஆனியும் நாள்தோறும் படுக்கையருகே இருந்து, தசை கரைந்து எலும்பு தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இது தற்கொலையாகாதா, பாவமாகாதா என்று கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே பெரும் வாதம் எழுந்தது. ஆயினும் பாதிரியார் ஒருவர் இறுதிவரை உடனிருந்து அவருக்கு நற்கருணை வழங்கினார்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜே விட்டுவிடலாமென்று கருதினார். அமைச்சரவை இணங்கவில்லை. அவர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: காவலர்கள் அன்றாடம் சுடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது, பட்டினி கிடந்தவரையெல்லாம் விடுவித்தால் எந்தச் சிறைக் கதவும் பூட்டி நிற்காது என்பது அவர்கள் வாதம். விட்டிருந்தால் ஒரு கைதியை இழந்திருப்பார்கள். விடாததால் உலகின் நன்மதிப்பையே இழந்தார்கள்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அறிவு தடுமாறியது. நினைவிழந்த நிலையில் மருத்துவர்கள் வாயில் உணவு ஊட்டினர்; நினைவோடிருந்தால் அவர் ஏற்றிருக்கமாட்டார். அக்டோபர் 25 காலை, எழுபத்து நான்காம் நாள், உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தொன்று.

அதே நாளில் கார்க் சிறையில் ஜோசப் மர்ஃபி என்ற இளைஞரும் உண்ணாநோன்பில் இறந்தார். எட்டு நாள் முன்னதாக மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு இறந்திருந்தார். மேயரை அறிந்த உலகம் இவ்விருவரை அறியவில்லை; நாமாவது அவர்கள் பெயரைச் சொல்லி வைப்போம். எஞ்சிய ஒன்பது பேர், தலைவர் ஆர்தர் கிரிஃபித்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, தொண்ணூற்று நான்காம் நாள் நோன்பை முடித்தனர்.

இலண்டன் சதர்க் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து வணங்கினர். உடலை டப்ளின் வழியாக எடுத்துச் செல்ல உறவினர் எண்ணினர். டப்ளினில் கூட்டம் கூடுமென்று அஞ்சிய அரசு, ஹோலிஹெட் துறைமுகத்தில் சவப்பெட்டியை வலிந்து கைப்பற்றி, வேறு கப்பலில் நேரே கார்க்குக்கு அனுப்பியது. அந்தக் கப்பலில் ஏற மறுத்த உறவினர்கள் டப்ளினுக்கே சென்றனர். அங்கே உடலின்றியே ஊர்வலம் நடந்தது! அக்டோபர் 31ஆம் நாள், செயிண்ட் ஃபின்பார் இடுகாட்டில், தோழர் மக்கர்ட்டினின் அருகிலேயே அடக்கம் செய்தனர்.

ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 11ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் துணைப்படையினர் கார்க்கின் கடைவீதிக்குத் தீ வைத்தனர். மாக்சுவினி கைதான நகர மண்டபமும் விடிவதற்குள் சாம்பலாயிற்று. அடுத்த மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த டொனால் ஓ'கல்லகன் கூரையில்லாத மன்றத்துக்குத் தலைவராயிருந்தார்.

ஏடுகளில் முன்பு அவர் எழுதிய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 1921இல் நூலாயின. அந்நூல் கடல் கடந்து நம் நாட்டு இளைஞர் கைக்கும் வந்தது. பகத்சிங் தோழர்கள் அதைப் படித்தவர்கள். 1929 செப்டம்பர் 13ஆம் நாள், இலாகூர்ச் சிறையில் அறுபத்து மூன்று நாள் உண்ணாதிருந்து இருபத்து நான்கு வயது ஜதீந்திரநாத் தாஸ் உயிர் நீத்தபோது, கார்க்கிலிருந்து மாக்சுவினி குடும்பத்தாரின் இரங்கல் தந்தி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.