மணலில் புதைந்த பாப்ஸ்

நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினைப் பிரித்துவிட்டு, திரும்ப மாட்டும்போது ரெண்டு போல்ட் மிச்சமாகி முழித்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். நானும் ஒருவன். அதனால்தான் 42 வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஒரு ரேஸ் காரையும், அதை உருவாக்கி ஓட்டிய இன்ஜினியரையும் பற்றி எழுதத் தோன்றியது.

ஜான் காட்ஃப்ரே பாரி தாமஸ் 1884-ல் வேல்ஸில் உள்ள ரெக்ஸம் நகரில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தார். பிறகு லேலண்ட் மோட்டார்ஸில் தலைமைப் பொறியாளர் ஆனார். நம்ம ஊர் அசோக் லேலண்ட் பஸ்ஸின் பெயரில் இருக்கிறதே, அதே லேலண்ட்தான்! 1920-ல் அவர் வடிவமைத்த எட்டு சிலிண்டர் லேலண்ட் கார் எல்லோரையும் அசர வைத்தது. ஆனால் விலை எட்டாத உயரம். விற்றது கொஞ்சம்தான்.

வேலையை விட்டுவிட்டு ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கே குடிபோனார் தாமஸ். கார் கட்டுவதும் ஓட்டுவதுமே வாழ்க்கை ஆயிற்று. 1924-ல் மோன்ஸா பந்தயத்தில் இறந்துபோன கவுன்ட் ஸ்பொரோவ்ஸ்கியின் பெரிய காரை 125 பவுண்டுக்கு வாங்கினார். அதில் இருந்தது 12 சிலிண்டர், 27 லிட்டர் லிபர்ட்டி விமான இன்ஜின். பின்சக்கரங்களைச் சுழற்றியது செயின். தானே வடிவமைத்த பிஸ்டன்கள், நாலு கார்புரேட்டர் என்று அதைப் புதுசாக்கி, பாப்ஸ் என்று செல்லப்பெயரும் வைத்தார்.

1926 ஏப்ரலில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல், அதாவது சுமார் 275 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். 1927 பிப்ரவரியில் மால்கம் கேம்ப்பெல் அதே கடற்கரையில் அதை முறியடித்தார். தாமஸ் விடவில்லை. மார்ச் 3-ம் தேதி மீண்டும் பாப்ஸில் ஏறினார். உச்ச வேகத்தில் கார் உருண்டது; அவர் உயிரும் போயிற்று. அப்போது வயது 42. பாப்ஸை அந்த மணல்மேட்டிலேயே புதைத்துவிட்டார்கள்.

செயின் அறுந்து அடித்துத்தான் செத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சே சரித்திரமாகவும் ஆகிவிட்டது.

1969-ல் பேங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினியரிங் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஓவன் வின் ஓவன் என்பவர், உரிய அனுமதிகளை வாங்கிக் காரைத் தோண்டி எடுத்தார். மேல்தகட்டை உப்பு தின்றிருந்தது. ஏறத்தாழ 16 வருஷம் பொறுமையாக உட்கார்ந்து செப்பனிட்டார். அந்த விமான இன்ஜின் மறுபடி உறுமியது! அதைவிட முக்கியம், பாகங்களைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. வலது பின்சக்கரம்தான் முதலில் உடைந்திருக்க வேண்டும். கார் உருண்டதில்தான் தாமஸுக்கு உயிர்போகும் அடி பட்டிருக்க வேண்டும். இத்தனை காலமும் பழி சுமந்தது செயின்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஷின் ஷாஃப்ட் உடைந்தது. பிரித்துப் பார்க்காமலே ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். பிறகு பிரித்தபோது பேரிங்தான் போயிருந்தது. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் ஒரு வாரம் அவர் தலைகுனிந்து நடந்ததை நான் மறக்கவில்லை.

தம்பி தங்கைகளே, முதலில் பிரித்துப் பாருங்க. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்.

- ஒரு பழைய மெக்கானிக்கல் மாணவன்