மரணத்தை எதிர்பார்த்து இத்தாலி போன டாக்டர். இன்சுலினோடு 45 ஆண்டுகள் வாழ்ந்த கதை - யார் இந்த ஆர்.டி.லாரன்ஸ்?

சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரி பலருக்கும் தூக்கம் வராது. இனி என்ன சாப்பிடுறது, ஊசி போடணுமா, இன்னும் எத்தனை வருஷம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் ஒரு இளம் டாக்டரும் இந்தக் கணக்கைப் போட்டார். அவருக்குக் கிடைத்த விடை, சில வருஷம்தான். ஆனால் அவர் 75 வயது வரை வாழ்ந்தார். சுகர் நோயாளிகள் தினமும் செய்யும் பல விஷயங்களுக்கு வழி காட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் ராபர்ட் டேனியல் லாரன்ஸ்.

யார் இந்த லாரன்ஸ்?

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1892-ல் பிறந்தவர். அப்பா பிரஷ் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். லாரன்ஸ் முதலில் படித்தது மருத்துவம் இல்லை, மொழியும் இலக்கியமும். பிறகு உறவினரின் துணி வியாபாரத்தில் சேர்ந்தார். சில வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார். அங்கே பதக்கங்களைக் குவித்து 1916-ல் டாக்டர் ஆனார்.

முதல் உலகப்போர் நடந்த நேரம். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து இந்தியாவிலும் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வேலை. அறுவை சிகிச்சை நிபுணர் ஆக வேண்டும் என்பது அவர் கனவு.

ஒரு எலும்புத் துண்டு மாற்றிய வாழ்க்கை

1920-ல் ஒரு நாள், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் அறுவை சிகிச்சையை இறந்தவர் உடலில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். உளியில் தெறித்த எலும்புச் சில்லு கண்ணில் பட்டது. கண்ணில் தொற்று ஏற்பட்டது. சிகிச்சைக்காகச் சோதித்தபோது சிறுநீரில் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

அப்போது அவர் இளம் வயதில் இருந்தார். வந்திருந்தது இன்று டைப் 1 என்று சொல்லப்படும் வகை. உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் நிலை. சாப்பாட்டில் இருக்கும் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பையும் தசையையும் கரைக்கும்.

அப்போது இன்சுலின் மருந்து கிடையாது. டாக்டர்கள் கையில் இருந்த ஒரே வழி, கடுமையான உணவுக் கட்டுப்பாடு. கிட்டத்தட்ட பட்டினி. அது நோயைக் குணப்படுத்தாது, நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர் என்பதால் இது லாரன்ஸுக்கு நன்றாகவே தெரியும்.

அறுவை சிகிச்சைக் கனவு அதோடு முடிந்தது. ஆய்வகப் பக்கம் ஒதுங்கினார்.

ஏன் இத்தாலி போனார்?

தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைக் குடும்பம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குக் கிளம்பினார். அங்கே இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கலாம் என்பது திட்டம்.

1922-23 குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கடுமையாகப் பிடித்தது. சுகர் உள்ளவர்களுக்குக் காய்ச்சல், தொற்று வந்தால் சர்க்கரை அளவு ஏறும். அவருக்கும் அதுதான் நடந்தது. உடம்பு வேகமாக இளைத்தது. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு நடப்பதே சிரமமானது.

இதற்கிடையே கனடாவின் டொரோன்டோவில் பான்டிங், பெஸ்ட் உள்ளிட்ட குழு இன்சுலினைப் பிரித்தெடுத்திருந்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. பிரிட்டனுக்கு அது வந்து சேரத் தாமதமானது. வந்தபோதும் அளவு குறைவு.

1923 மே மாதம் கிங்ஸ் காலேஜில் இருந்த நண்பர், உயிர் வேதியியல் நிபுணர் ஹாரிசனிடம் இருந்து தந்தி வந்தது. இன்சுலின் கைக்கு வந்துவிட்டது, வேலை செய்கிறது, உடனே திரும்பி வா என்பதே அதன் சாரம்.

இருக்கும் உடல்நிலையில் அது லேசான பயணம் இல்லை. காரிலேயே ஐரோப்பாவைக் கடந்து மே 28-ம் தேதி லண்டன் வந்து சேர்ந்தார். மே 31-ல் முதல் ஊசி போடப்பட்டது. கொஞ்ச நாளில் உடம்பு தேறியது. அதே மருத்துவமனையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்.

ஊசி கிடைத்தது, பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

அப்போதைய ஊசி இன்றைய பேனா மாதிரி இல்லை. கண்ணாடி சிரிஞ்ச், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தடிமனான ஊசி. ஒவ்வொரு முறையும் கிருமி நீக்க வேண்டும். மழுங்கினால் தீட்ட வேண்டும்.

வீட்டில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் மீட்டரும் கிடையாது. சிறுநீரை நீல நிறக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ரொம்ப அதிகம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலைமை. சர்க்கரை ரொம்பக் குறைந்துபோனால் அது காட்டவே காட்டாது.

இன்சுலின் கூடினாலோ, சாப்பாடு தள்ளிப்போனாலோ லோ சுகர் வரும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். தினமும் ஊசி போட்டுக்கொண்ட லாரன்ஸுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டும் இல்லை.

தராசில் பிறந்த உணவுத் திட்டம்

நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி டாக்டர் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று லாரன்ஸ் நம்பினார். ஒரு நாளில் பல முறை முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதானே! அதனால் 1925-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர், 'தி டயாபெடிக் லைஃப்'. டாக்டர்களும் நோயாளிகளும் சேர்ந்தே படிக்கும்படி எழுதப்பட்டது. பல பதிப்புகள் வந்தன.

அவர் கொண்டுவந்த உணவுத் திட்டம் எளிமையானது. உணவை இரண்டு பட்டியலாகப் பிரித்தார். ஒன்று மாவுச்சத்து உள்ளவை, மற்றது புரதமும் கொழுப்பும் உள்ளவை. மாவுச்சத்துப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பங்கிலும் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். சுமார் 20 கிராம் ரொட்டியும் 200 மில்லி பாலும் கிட்டத்தட்ட சமம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் என்ன லாபம்? தினமும் ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டியதில்லை. வகை மாறலாம், அளவு மாறக்கூடாது. இன்சுலின் கணக்கும் தப்பாது. இன்று கார்போஹைட்ரேட் கணக்கு பார்த்து ஊசி போடுகிறார்களே, அந்தச் சிந்தனையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

எழுத்தாளர் வெல்ஸ் எப்படி வந்தார்?

கால இயந்திரம் பற்றிக் கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அவர் லாரன்ஸின் நோயாளி. இருவரும் சேர்ந்து 1934-ல் நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். அரசின் இலவச மருத்துவத் திட்டம் பிரிட்டனில் வந்தது 1948-ல்தான். அதற்கு முன்பு இன்சுலின் வாங்கக் காசில்லாதவர்களின் கதி என்ன? பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது சங்கத்தின் முக்கிய நோக்கம். அதுதான் இன்றைய 'டயாபெட்டிஸ் யூகே'.

1950-ல் தொடங்கிய சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் முதல் தலைவரும் லாரன்ஸ்தான். 1928-ல் திருமணம் செய்துகொண்ட அவருக்கு மூன்று மகன்கள். 1968 ஆகஸ்டில் காலமானார். முதல் ஊசிக்குப் பிறகு 45 ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன.

இன்றைக்கு நமக்கு என்ன பாடம்?

முதல் விஷயம், டைப் 1 உள்ளவர்களுக்கு இன்சுலின் என்பது உயிர். யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுத்தினால், ஃபிளாரன்ஸில் லாரன்ஸ் இருந்த நிலைமைக்குச் சில நாட்களிலேயே போய்விடலாம்.

இரண்டாவது, காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தக்கூடாது. அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, இன்சுலின் போடுபவர்கள் வெளியே போகும்போது பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். லோ சுகர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நீலக் கரைசலையும் கண்ணாடி சிரிஞ்சையும் வைத்துக்கொண்டு ஒருவர் 45 ஆண்டுகள் சமாளித்திருக்கிறார். நம்மிடம் மீட்டர் இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி.